பெருச்சாளி வளையும் தோல் உப்பும்

பெருச்சாளியைப் பற்றி யாராவது இரக்கத்தோடு பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதுவும் ஓர் உயிர்தானே, அதற்கும் வயிறு இருக்கிறதே என்பார்கள். அப்படிப் பேசுகிற யாருக்கும் கழனி இருந்ததில்லை. காலையில் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, கடைசிக் கழனியின் மடையில் மண்வெட்டியோடு நின்று, வராத தண்ணீருக்காக அவர்கள் காத்திருந்ததில்லை. நான் நின்றிருக்கிறேன். மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கும். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்கும். கால்வாயில் மட்டும் ஈரம் பாதித் தூரத்தோடு நின்றுபோயிருக்கும். கரையோரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். உள்ளே எங்கேயோ அந்தச் சனியன் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்.

எழுபதுகளின் பின்பாதியில் நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வீடு மாதனூருக்குப் பக்கத்தில், என் மனைவியின் நிலத்திலேயே இருந்தது. ஒன்றரை ஏக்கர்தான். கல்யாணத்தின்போது மாமனார் அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தது. வாரத்தில் ஆறு நாள் அவள்தான் அதை ஆண்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று யோசனை சொல்கிற விவசாயி. ஒரே மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எதற்காவது பெருமை இருந்தது என்றால் அது எனக்கோ என் வேலைக்கோ அல்ல, கிணற்றுக்குத்தான்.

மாமனார் இரண்டு கோடை முழுக்க ஆள் வைத்து வெட்டிய கிணறு அது. நல்ல தண்ணீர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆற்றோரக் கிணறுகளில் பாதி அப்போதே ஷாப்புத் தண்ணீர் இறங்கி உப்பாகிவிட்டிருந்தன. அந்தத் தண்ணீரில் பருப்பை மத்தியானம் வரைக்கும் வேகவைத்தாலும் கல்லாகவே கிடக்கும். சோப்பு நுரைக்காது, தயிர்போலத் திரியும். எங்கள் கிணற்றில் அந்தப் பேச்சே இல்லை. சுற்றியிருந்த ஐந்து வீட்டுப் பெண்களும் குடிக்க எங்கள் கிணற்றில்தான் சேந்துவார்கள். கிணற்று மேடையில் யாரும் கால் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, வெற்றிலை போட்டுத் துப்பக்கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டிருந்தாள். மீறினவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். நானே ஒருமுறை அங்கே முகத்துக்குச் சோப்புப் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கிணற்றுக்குக் கீழ்ப்பாதி பாறை. மேலே பத்தடிக்கு வெறும் மண், கல் கட்டடம் கிடையாது. பெருச்சாளிகள் முதலில் கால்வாய்க் கரையைத்தான் துளைத்தன. ஒரு போகம் போனதும் கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டன. தண்ணீர் சேந்துகிறபோது பொலபொலவென்று மண் உதிர்ந்து உள்ளே விழும். ஒருநாள் காலையில் ஒரு கட்டு வைக்கோல் அளவுக்கு மண் சரிந்து தண்ணீர் கலங்கிக் கிடந்தது. என் மனைவி கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி போனா போகட்டும், நெல்லு போனா போகட்டும். கெணறு சரிஞ்சிச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. எனக்குப் பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தை மனைவி மேல் காட்ட முடியாது, கிணற்றின் மேலும் காட்ட முடியாது. ஆக, பெருச்சாளி மேல் காட்டினேன்.

முதலில் பொறி வைத்தேன். கருவாட்டுத் துண்டைக் கட்டி வைத்த பொறியில் மூன்று நாளும் பக்கத்து வீட்டுப் பூனையின் கால்தான் மாட்டியது. கடையில் விற்ற பொறி எல்லாம் வீட்டெலிக்குச் செய்தவை. இது ஒன்றரை சாண் நீளம், வால் தனி. பொறியையே இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் போட்டுவிட்டுப் போயிருந்தது ஒன்று. அடுத்தது மருந்து. அரிசிமாவில் கலந்து உருட்டி வளை வாயில் வைத்தேன். பெருச்சாளிகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கித் தள்ளிவிட்டன. என் மனைவி வளர்த்த மூன்று கோழிகள் அதைப் பொறுக்கித் தின்று வாய்க்கால் ஓரத்தில் கால் நீட்டிக் கிடந்தன. அன்று சாப்பாட்டுத் தட்டு என் முன்னால் வந்து விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு வளைக்குள் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாயில் ஊற்றினால் முப்பதடி தள்ளி இன்னொரு வாயில் சாவகாசமாக வெளியே வந்து என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். கடப்பாரையோடு நான் அங்கே ஓடுவதற்குள் அது கரும்புக்குள் நுழைந்துவிடும். கரும்பு பக்கத்து நிலத்துக்காரருடையது. எல்லாம் அங்கேதான் பெருகிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் சேர்ந்து மருந்து வைத்தால்தான் ஒழியும் என்று அவரிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். விபூதி அழியாத நெற்றி.

"அது புள்ளையார் வாகனம், கணக்குப்பிள்ளை. நான் கை வெக்க மாட்டேன்" என்றார்.

"வாகனத்த உங்க கரும்புக்குள்ளயே நிறுத்திக்கச் சொல்லுங்க அப்போ. என் கழனியில ஏன் ஓட்டுறாரு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருடைய மனைவி மட்டும் வழக்கம்போலக் காலையில் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தார். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்.

அறுவடை முடிந்த கையோடு ஓர் இருளர் தம்பதி எங்கள் பக்கம் வந்தார்கள். எலி பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. என் மனைவிதான் யாரிடமோ சொல்லியனுப்பி வரவழைத்தாள். அவர்கள் வேலை செய்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கரை முழுக்க நடந்து பார்த்து, எந்த வாய் எந்த வளையோடு சேருகிறது என்று குச்சி நட்டார்கள். ஒன்றை விட்டு மற்ற வாய்களை எல்லாம் மண் போட்டு மூடினார்கள். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, திறந்திருந்த வாயில் கவிழ்த்து, அந்தப் பெண் ஓட்டையில் வாய்வைத்து ஊதினாள். புகை தாங்காமல் மூடிய மண்ணை முட்டிக்கொண்டு வந்த பெருச்சாளிகளை அவள் புருஷன் வெறும் கையால் கழுத்தைப் பிடித்து எடுத்தான். எத்தனை மாதமாகக் கடப்பாரையோடு ஓடியிருக்கிறேன் நான்! அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

பிடித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. வளையைக் கடைசிவரைக்கும் தோண்டினார்கள். கிளை பிரிகிற இடமெல்லாம் தோண்டி, திரும்ப மண்ணை நிரப்பி, மிதித்து இறுக்கினார்கள். இப்படித் தோண்டிய ஒரு வளையின் முடிவில் ஓர் அறை இருந்தது. அதற்குள் நெற்கதிர்கள். யாரோ கத்தரிக்கோலால் நறுக்கி அடுக்கியதுபோல, காம்பெல்லாம் ஒரே பக்கமாக. உதிர்த்துப் பார்த்தபோது ஒரு முறம் நிறைய வந்தது. அடுத்த வளையில் அதைவிட அதிகம்.

அந்தப் பெண் அதைத் தன் துணியில் அள்ளிக் கட்டினாள். வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. பிடித்த எலியும் வளையில் கிடைக்கிற தானியமும் பிடிக்கிறவர்களுக்கு. வேறு கூலி கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் கழனியிலும் அதுதான் நடைமுறை. ஆனால் அந்த நெல்லைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு போகம் முழுக்க நான் தூக்கம் கெட்டு, தண்ணீர் இழந்து, கோழி இழந்து நின்ற எரிச்சல் எல்லாம் அந்த மூட்டையின் மேல் வந்து விழுந்தது.

"நெல்ல இங்க கொட்டு. அது எங்க கழனி நெல்லு" என்றேன்.

புருஷன் எழுந்து நின்றான். "வளையில இருக்குறது எங்களுதுங்க. எங்க போனாலும் அதானுங்க வழக்கம்" என்றான்.

"வழக்கம் எல்லாம் வேற எடத்துல வெச்சுக்க. இது சர்ச்சுல அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கை வெக்க வேண்டிய நெல்லு."

பொய். அறுப்புப் பண்டிகைக்கு வேண்டியதை என் மனைவி எப்போதோ குதிரிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள். ஒரு முறம் நெல்லுக்காகக் கடவுளை இழுத்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அந்தப் பெண் மூட்டையை அவிழ்த்தாள். என் காலடியில் வரப்பின் மேலேயே நெல்லை எல்லாம் உதறினாள்.

"எலி வாயில பட்டதயா உங்க சாமிக்கு வெக்கப் போறீங்க? நல்லா வெய்ங்க" என்றாள்.

பானையைத் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். கால்வாய்க் கரையில்தான் வேலை முடிந்திருந்தது. கிணற்று மேட்டில் இருந்த நான்கு வளைகளை அவர்கள் தொடவே இல்லை. அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி கஞ்சிப் பானையோடு வந்தபோது நான் வரப்பில் குந்திக்கொண்டு நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அந்த நெல்லை வழித்து எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் நம் நெல்லும் ஒரு மரக்கால் போட்டுக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு நடந்து போனாள். சாயங்காலம் அதைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர்கள் வாங்கவில்லை. மறுநாளே பள்ளிகொண்டா பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் கழனிக்கு எந்த இருளரும் வரவில்லை. சொல்லியனுப்பினால், 'பார்க்கலாம்' என்று பதில் வரும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்கள் இல்லாவிட்டால் நமக்கு வழி இல்லையா என்கிற திமிர். ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பாய்தான் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா சார், ரொம்ப பேஜாரா இருக்கீங்க?"

சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, குழியோரத்தில் மலைபோலக் கிடந்ததைக் காட்டினார். தோலில் இருந்து முடி உதிரச் சுண்ணாம்பில் ஊறவைத்துவிட்டு, பிறகு குழியிலிருந்து வாரிப் போட்ட சேறு. அதற்குப் பக்கத்திலேயே கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலை உதறிக் குவித்த உப்பு.

"ரெண்டையும் கலந்து வளையில அடைங்க. காஞ்சா சிமிட்டிதான். இந்த நாத்தத்துக்கு மனுசனே நிக்க மாட்டான், பெருச்சாளி நிக்குமா?" என்றார்.

எனக்கு அது தேவவாக்காகப் பட்டது. ஷாப்பிலிருந்து கழிவதை நிலத்தில் கொண்டுபோய்ப் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. முடியும் சவ்வும் கலந்த சேற்றைத் தென்னைக்கு எருவாகப் போடாதவர்கள் அப்போது யாரும் இல்லை. சும்மா கிடைக்கும், வண்டி மட்டும் கொண்டுபோனால் போதும். கிணறுகளைக் கெடுப்பது ஷாப்புத் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஓடும், இறங்கும். ஆனால் கட்டியாக இருக்கிறது என்ன செய்யும்? வைத்த இடத்தில் கிடக்கும். இப்படித்தான் நினைத்தேன். நாள்தோறும் எத்தனை தோல், எத்தனை மூட்டை உப்பு என்று எழுதிய கை என்னுடையது. அந்த உப்பு அப்புறம் எங்கே போகிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாட்டுவண்டி கொண்டுவந்து இறக்கினேன். என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கால்வாய்ல இன்னா வேணா பண்ணுங்க. கெணத்தாண்ட மட்டும் வேணாம்" என்றாள்.

"கெணத்தாண்டதான வளையே இருக்குது."

"வேணாம்னா வேணாம். எங்கப்பா வெட்டுன கெணறு. அந்த நாத்தத்த அங்க கொண்டாராதீங்க."

சரி என்றேன். கால்வாய்க் கரையில் புதிதாக வந்திருந்த வளைகளை மட்டும் அடைத்தேன். அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் என்று விடுதியிலிருந்து ஆள் வந்தது. என் மனைவி வேலூருக்குப் போய் நான்கு நாள் தங்கினாள். நான் இரண்டு நாள் லீவு போட்டேன். மீதி இருந்தது ஏறக்குறைய இரண்டு வண்டி. கிணற்று மேட்டில் இருந்த வளைகளுக்குள் அதை எல்லாம் இறக்கினேன். கட்டையால் இடித்து இடித்து இறக்கினேன். போட்டதை எல்லாம் அவை வாங்கிக்கொண்டே இருந்தன. இவ்வளவு உள்ளே போகிறதே, எங்கே போய் முடிகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒவ்வொரு இடிக்கும் ஒரு பெருச்சாளி உள்ளே மூச்சுமுட்டிச் சாவதாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் வேறெந்த வேலையையும் செய்ததில்லை. கடைசியில் மேலே நல்ல மண் போட்டு மெழுகி, புல்கரணையும் வெட்டி ஒட்டிவிட்டேன். அவள் திரும்பி வந்தபோது எதுவும் தெரியவில்லை. அங்கே இரண்டு களைச்செடிகள் வாடியதைத் தவிர.

பெருச்சாளிகள் போய்விட்டன. அதுதான் கொடுமை. மேஸ்திரி பாய் சொன்னது அப்படியே பலித்தது. இரண்டு மாதம் கரையில் ஒரு புது வளை இல்லை, கிணற்றில் மண் விழவில்லை, கடைசிக் கழனி வரைக்கும் தண்ணீர் நிமிஷத்தில் ஓடிவந்து நின்றது. நான் ஷாப்பில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து நிலத்துக்காரருக்குக் கேட்கும்படியாக, "வாகனம் எல்லாம் இப்ப வேற ஸ்டாண்டுக்குப் போய்ட்டுது" என்று உரக்கச் சொன்னேன். என் மனைவியும் சிரித்தாள். எப்படிப் போயின என்று அவள் கேட்டபோது, கால்வாயில் போட்டதன் நாற்றத்துக்கே எல்லாம் ஓடிவிட்டன என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் வெயில் வந்தபோது கிணறு பாதிக்குமேல் ஏறியிருந்தது. அதைப் பார்த்து என் மனைவி குழந்தைபோலச் சந்தோஷப்பட்டாள். அன்று மத்தியானம் பருப்பு வேகவில்லை. விறகு ஈரம் என்றாள். மறுநாளும் வேகவில்லை. பருப்பு பழசு என்றாள், கடைக்காரனைத் திட்டினாள். மூன்றாம் நாள் காலை, பக்கத்து நிலத்துக்காரரின் மனைவி நிறைகுடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்.

"தப்பா நெனக்காத கண்ணு. தண்ணி ஒரு மாதிரி இருக்குது. எங்க வீட்டுக்காரரு வாயில வெச்சதும் துப்பிட்டாரு" என்றார்.

என் மனைவி அந்தக் குடத்திலிருந்தே ஒரு கை அள்ளிக் குடித்தாள். குடித்துவிட்டு அப்படியே நின்றாள். மூன்று நாளாக அந்தத் தண்ணீரைத்தான் நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம். தன் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லாததால் அவள் நாக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனாள். புல்கரணை ஒட்டியிருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாளோ, நான்கு குத்தில் மண் பெயர்ந்தது. வெளுத்த சுண்ணாம்பு. வாயோரத்தில் மட்டும்தான் சிமிட்டிபோல இறுகியிருந்தது. அதற்குக் கீழே கரைந்து, வழிந்து, வளை ஒரு குழாய்போலக் காலியாகக் கிணற்றுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. பெருச்சாளி தோண்டிய வழி. இருளர் இருந்திருந்தால் கடைசிவரைக்கும் தோண்டிப் பார்த்து மூடியிருப்பார்கள். நான் வாயை மட்டும் அடைத்துவிட்டு, மழைத் தண்ணீருக்கு ஏற்கெனவே வெட்டிவைத்த பாதையில் இரண்டு வண்டி உப்பையும் சுண்ணாம்பையும் நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

பெண்கள் நான்கைந்து பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டாள்.

"இத எப்ப போட்டீங்க?"

"நீ வேலூர் போயிருந்தப்போ."

"காய்ச்சல்ல கெடந்த புள்ளய நான் பாக்கப் போனப்போ."

நான் தலையை ஆட்டினேன். கடப்பாரையால் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அதைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்று நாள் மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்தோம். இறைத்த தண்ணீரை விடுவதற்கு எங்கள் கழனியைத் தவிர வேறு இடம் இல்லை. சம்பா நெல் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. பத்து நாளில் நுனி எல்லாம் நெருப்பு வைத்ததுபோலக் கருகியது. அடியில் புதிதாக ஊறிய தண்ணீரும் கசந்தது. திரும்ப இறைத்தோம். திரும்பக் கசந்தது. குடத்தோடு வந்துகொண்டிருந்த ஐந்து வீட்டுப் பெண்களும் ரோட்டோரத்துக் கைப்பம்புக்கு ஒரு மைல் நடக்க ஆரம்பித்தார்கள். போகும்போது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். கடைசியாக என் மனைவியும் அந்த வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் ஒருத்தி, "உங்க கெணத்தாண்ட கால்கூடக் கழுவக்கூடாதும்பியே" என்று கேட்டாளாம். அதை என்னிடம் என் மனைவி சொல்லவில்லை. வேறொருத்தி சொல்லித்தான் தெரியும்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வரப்பில் என்னை நிறுத்தினார். "அது மேல கை வெக்க மாட்டேன்னேன், நீ கிண்டல் பண்ணுன. இப்ப செத்தது இன்னாது, கணக்குப்பிள்ளை?" என்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். அடுத்த ஆண்டு பெருச்சாளிகளும் திரும்பி வந்துவிட்டன. கசப்பு அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. வெளுத்த மண்ணிலேயே வளை போட்டுக் குட்டி வளர்த்தன. இறைத்தபோது கிணற்றிலிருந்து எடுத்த கடப்பாரையை நான் தொடவில்லை. காப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின, ரோட்டோரத்துக் கைப்பம்புத் தண்ணீரும் உவர்ந்துவிட்டது. ஷாப்புகள் பெருகின, தோலுக்குப் போடப் புதுப்புது மருந்து வந்தது, தண்ணீரின் நிறமே மாறியது. பக்கத்து நிலத்துக்காரரும் மோட்டாரைக் கழற்றி விற்றார். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அதை வாய்விட்டும் சொன்னேன்.

"நான் போட்டாலும் போடாட்டியும் இந்தக் கெணறும் போயிருக்கும். அஞ்சு வருசம் முன்ன பின்ன, அவ்வளவுதான்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அந்த அஞ்சு வருசம் எங்க?" என்று கேட்டாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்தேன்.

நிலத்தில் ஒன்றும் விளையவில்லை. மகள் மேலே படித்துக்கொண்டிருந்தாள், என் சம்பளம் ஒன்றுக்கும் போதவில்லை. அந்தச் சமயத்தில் மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்தன. காலையில் ரோட்டில் நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிடும். ஒருநாள் என் மனைவி என்னிடம் எதுவும் கேட்காமல் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏறினாள். நாற்பதைத் தாண்டியவள். என் சட்டையில் வருகிற தோல் வாடைக்கே அதைத் தனியாக ஊறவைக்கிறவள். தோலுக்குப் பசை தடவுகிற வேலை கொடுத்தார்கள். சொந்த நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியவள், இருபது வயது சூப்பர்வைசர் பையனிடம் பாத்ரூம் போக டோக்கன் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அங்கே வேலை செய்கிறவர்கள் குடிப்பதற்கென்று கம்பெனி எங்கிருந்தோ லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் இருந்தது. கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக வந்தாள். கிணற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தாள். நான் வாசலில் எழுந்து நின்றேன். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

வாயில் வைத்தேன், துளி உப்பு இல்லை. எத்தனை வருஷம் ஆயிற்று அப்படித் தண்ணீர் குடித்து! ஒரே மூச்சில் குடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து டம்ளரைக் கீழே இறக்கினாள்.

"பாதி குடிங்க, போதும்" என்றாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. கம்பெனி பஸ்சு வராது."